காட்டுக்கு ஒரு கலாசாலை

டேராடூன் என்றதும், வடநாட்டில் குடியேறி வாழும் தமிழன்பர்களுக்குப் பாசுமதி அரிசியும் லீச்சிப் பழமும் ராணுவக் கலாசாலையும் நினைவுக்கு வரும். விடுமுறையில் முசௌரிக்குச் செல்லும் வழியில் அந்நகரில் தங்குவோர், சக்ராத்தா சாலையை அடுத்துள்ள மிக நீண்ட செங்கற் கட்டிடம் ஒன்றையும் பார்த்திருக்கக்கூடும். 1929ஆம் ஆண்டில் வைசிராய் இர்வின் பிரபு திறந்துவைத்த வன ஆராய்ச்சி நிலையக் கட்டிடம் அது. எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த தேவதாரு மரம் ஒன்றின் குறுக்கு வெட்டு அங்குள்ள காட்சிச்சாலையில் வைக்கப்பட்டிருக்கிறது. காட்டைப் பற்றிப் படிக்க ஒரு பள்ளி வேண்டும் என்னும் எண்ணம் நம் நாட்டில் எவ்வாறு உண்டாயிற்று, அதில் யாருக்கு இடம் கிடைத்தது என்பதை இங்கே காண்போம்.

காட்டின்மீது கொண்ட பரிவினால் அப்பள்ளி பிறக்கவில்லை. 1853இல் பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. ஒரு மைல் இருப்புப்பாதைக்கு 1,760 முதல் 2,000 வரை ஸ்லீப்பர் கட்டைகள் தேவைப்பட்டன. பாதை நீள நீளக் காடு சுருங்கியது. மரம் தீர்ந்துவிடுமோ என்ற அச்சமே சர்க்காரை விழிக்கச் செய்தது.

1864இல் வனத்துறையின் முதல் தலைமை அதிகாரியாக அமர்த்தப்பட்டவர் டீட்ரிக் பிராண்டிஸ் என்னும் ஜெர்மானியர். அவர் தாவரநூல் வல்லுநர். வனக் கல்லூரி எதிலும் பயின்றவர் அல்லர். இதற்கு முன் பர்மாவின் பெகு மாகாணத்தில் தேக்குக் காடுகளைக் கணக்கெடுத்தபோது, யானைமேல் அமர்ந்து, மரங்களின் பருமனுக்கு ஏற்ப நான்கு குச்சிகளைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ட மரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வெட்டுக்குறி இட்டுச் சென்றார் என்பர். ஓர் ஆண்டில் எத்தனை மரம் வெட்டினால் காடு குறையாது என்று கணக்கிடும் முறையை அவர் இவ்வாறு தம் கையாலேயே வகுத்துக்கொண்டார். ஆயினும் தம் கீழ் வேலை செய்வோர் முறையாகக் கற்றிருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். ஆங்கிலேய இளைஞர்களைப் பிரான்ஸில் உள்ள நான்ஸி நகருக்கும் ஜெர்மனிக்கும் சர்க்கார் செலவில் அனுப்பிப் படிக்கவைத்த ஏற்பாடு அவருடையதே. இந்தியருக்காக 1878இல் டேராடூனில் வனப்பள்ளி நிறுவப்பட்டது. 1884இல் இந்திய சர்க்கார் அதை நேரடியாக ஏற்றுக்கொண்டது.

அப்பள்ளியின் சிறப்பு, காடே அதன் வகுப்பறையாக இருந்தது. சிவாலிக் அடிவாரத்துச் சால மரக்காடுகளிலும் ஜான்ஸார் மலையின் தேவதாருக் காடுகளிலும் மாணவர் கூடாரமடித்துத் தங்கி மரம் அளந்தனர், எல்லை வகுத்தனர். ரேஞ்சர் வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தது. கீழ்நிலை ஊழியர்க்கு ஹிந்துஸ்தானியில் ஒரு வகுப்பு இருந்தது. சென்னை ராஜதானியிலிருந்து ரேஞ்சராகத் தேர்வு பெற்றவர்களும் இமயமலை அடிவாரம்வரை பயணம் செய்தே பயின்றனர். ஊரைவிட்டு வந்து வேற்று மொழிகளுக்கிடையே வேலை கற்கும் நிலை நமக்குப் புதிதன்று! ஆனால் அவர்கள் கற்ற தேவதாரு ஆனைமலையில் இல்லை. ஆனைமலையின் தேக்கும் தோதகத்தியும் அங்கே பாடத்தின் மையமாக இல்லை. தெற்கிற்கெனத் தனிக் கல்லூரி வேண்டும் என்ற கோரிக்கை 1912இல் நிறைவேறியது. 1902 முதல் வனக் காட்சிச்சாலை இருந்துவந்த கோயம்புத்தூரில் சென்னை வனக் கல்லூரி தொடங்கிற்று. விடுதலைக்குப் பின் மத்திய அரசாங்கம் அதனை ஏற்று நடத்தியது.

மேற்பதவிகளோ நெடுங்காலம் ஐரோப்பியர் கையிலேயே இருந்தன. 1926இல்தான் வனத்துறை மேலதிகாரிகளுக்கு டேராடூனிலேயே பயிற்சி அளிக்கலாயினர். 1966இல் இந்திய வனப்பணி மீண்டும் அமைக்கப்பட்டது. பெண்கள் அதில் சேர 1980வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த வரலாற்றில் நாம் விட்டுவிடக் கூடாத பெயர் ஒன்று உண்டு. டேராடூன் பள்ளிக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முன்பே, அப்போது சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த மலபாரில், கலெக்டர் கானலியின் ஏற்பாட்டில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் வளர்க்கப்பட்டது. தேக்கு விதை எளிதில் முளைப்பதில்லை. தொடக்க முயற்சிகள் வீணாயின. அதை முளைக்கவைத்து நாற்றாக்கி நட்டுக் காடாக்கியவர் சாத்து மேனோன் என்னும் உள்நாட்டு அலுவலர். அவருக்குப் பட்டமும் இல்லை, பாடநூலும் இல்லை. பிற்காலத்துப் பாடநூல்கள் அத்தோட்டத்தைச் சான்றாகக் காட்டின. நட்டவரைக் காட்டிலும் கலெக்டரின் பெயரே நிலைத்து, இன்றும் கானலி தோட்டம் என்றே அது வழங்குகிறது.

காடு என்பது வெட்டும் மரம் மட்டுமன்று என்ற கருத்து அரசாங்க ஏடுகளில் மெதுவாகவே நுழைந்தது. 1950இல் கே. எம். முன்ஷி வனமகோத்சவத்தைத் தொடங்கினார். 1952ஆம் ஆண்டு வனக்கொள்கை நாட்டின் நிலப்பரப்பில் மூன்றிலொரு பங்கு காடாக இருத்தல் வேண்டும் என்றது. எனினும் அதன் நோக்கில் தொழிற்சாலையும் ராணுவமும் ரயிலும் பெரிய இடம் பெற்றிருந்தன. 1976ஆம் ஆண்டின் அரசியல் சட்டத்திருத்தம் காட்டைக் காப்பதை அரசின் கடமையாகவும் குடிமக்களின் கடமையாகவும் எழுதிவைத்தது. 1984இல் அகமதாபாதிலும் 1989இல் சென்னையிலும் சுற்றுச்சூழல் கல்வி நிலையங்கள் மத்திய அரசாங்கத்தின் ஆதரவுடன் எழுந்தன. 1991இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைப் பள்ளி, கல்லூரிகளில் பாடமாக்குமாறு பணித்தது. இவ்வாறு, ரேஞ்சருக்கு மட்டும் உரியதாயிருந்த பாடம் நூறு ஆண்டு கழித்து எல்லாப் பிள்ளைகளின் பாடமும் ஆயிற்று.

ஆயினும் காட்டுக்குள்ளேயே வாழ்ந்து, அதிகாரிகளுக்கு வழிகாட்டி, தேன் எங்கே, நீர் எங்கே, யானைத் தடம் எது என்று சொல்லிக்கொடுத்த காடரும் இருளரும் இப்பள்ளிகளின் பதிவேட்டில் ஆசிரியராகவும் இடம்பெறவில்லை. மாணவராகவும் மிக அரிதாகவே இடம்பெற்றனர். அரசாங்க ஏடுகளை மொழிபெயர்க்கும் பணியில் உள்ள நமக்கு இங்கே ஒரு சொல் இடறுகிறது. தேன், நெல்லி, புளி, கடுக்காய், மெழுகு யாவற்றையும் வனத்துறை வழக்கில் ‘சிறு வன மகசூல்’ என்கிறோம். சர்க்காரின் வருமானக் கணக்கில் அவை சிறியவையாக இருந்திருக்கலாம். ஒரு காடர் குடும்பத்தின் அடுப்பு எரிவது அவற்றால்தான். 2006ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டம் அப்பொருள்களின்மேல் காடுவாழ் மக்களுக்கு உடைமையுரிமை தந்தது. அந்தச் சட்டத்திலும் அவற்றின் பெயர் ‘சிறு’ என்றே தொடங்குகிறது.