கல்லூரியில் சேரும் மாற்றுத்திறனாளி மாணவரா? 5% சீட் முதல் கூடுதல் தேர்வு நேரம் வரை... தெரிஞ்சுக்க வேண்டிய உரிமைகள்!

நெய்வேலி நகரியத்தில் பிளஸ் 2 முடிக்கும் மாணவருக்கு முன்னால் பல வழிகள் உண்டு. நகரியத்துக்குள்ளேயே ஜவஹர் அறிவியல் கல்லூரி இருக்கிறது. பஸ் ஏறினால் விருத்தாசலத்தில் திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி, கடலூரில் பெரியார் அரசு கலைக் கல்லூரி, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். ஆனால் அந்த மாணவர் வீல்சேரில் வருபவராகவோ, பார்வை குறைந்தவராகவோ, காது கேளாதவராகவோ இருந்தால், 'எந்த கோர்ஸ்?' என்ற கேள்விக்கு முன்பே வேறு கேள்விகள் வந்துவிடும். கிளாஸ் மாடியில் இருந்தால் எப்படி ஏறுவது? மூணு மணி நேரத்தில் எக்ஸாம் எழுதி முடிக்க முடியுமா? கல்லூரி 'முடியாது' என்று சொல்லிவிட்டால் யாரிடம் போவது?

இதற்கெல்லாம் சட்டத்தில் பதில் இருக்கிறது. ஆனால் அது தானாக வீடு தேடி வராது. கேட்டு வாங்கணும், அதுவும் சரியான நேரத்தில் கேட்கணும். முழு விவரம் இதோ.

எந்தச் சட்டம்?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. இது 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதற்கு முன்பிருந்த 1995-ம் ஆண்டு சட்டம் 7 வகை பாதிப்புகளை மட்டுமே கணக்கில் எடுத்தது. புதிய சட்டத்தில் 21 வகைகள் உள்ளன. பார்வை, செவித்திறன், கை கால் இயக்கக் குறைபாடுகளோடு ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநல பாதிப்பு, தலசீமியா, ஹீமோஃபிலியா, ஆசிட் வீச்சு பாதிப்பு போன்றவையும் இதில் வரும். 'வெளியில் பார்த்தா ஒண்ணும் தெரியலையே' என்று சொல்லி யாருடைய உரிமையையும் மறுக்க முடியாது.

40% கணக்கு எதற்கு?

இங்கேதான் பலருக்கும் குழப்பம். சட்டம் இரண்டு அடுக்காகப் பேசுகிறது.

* பாகுபாடு காட்டக் கூடாது, தேவையான வசதி செய்து தரணும் என்பவை எல்லா மாற்றுத்திறனாளிகளுக்கும் பொது.
* இடஒதுக்கீடு மட்டும் பாதிப்பு 40% அல்லது அதற்கு மேல் இருப்பதாகச் சான்று பெற்றவர்களுக்கு. இதைத்தான் 'பெஞ்ச்மார்க்' அளவு என்கிறார்கள்.

சான்றிதழுக்கும் யுடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டைக்கும் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். 40%-க்குக் கீழ் என்றால் வெள்ளை, 40 முதல் 79% வரை மஞ்சள், 80% மற்றும் அதற்கு மேல் நீலம் என அட்டைக்கு நிறம் உண்டு. ஒரு விஷயம் கவனம்: மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற சீட்டு வேறு, மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேறு. சிகிச்சைச் சீட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அட்மிஷனுக்குப் போனால் இடஒதுக்கீடு கிடைக்காது.

5% சீட் எல்லா கல்லூரியிலும் உண்டா?

இல்லை. சட்டத்தின் 32-வது பிரிவின்படி அரசு உயர்கல்வி நிறுவனங்களும், அரசு உதவி பெறும் நிறுவனங்களும் 5 சதவீதத்துக்குக் குறையாமல் இடம் ஒதுக்கணும். சேருவதற்கான உச்ச வயதிலும் 5 ஆண்டு தளர்வு உண்டு. இந்த 5 சதவீதத்தைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும் என 2017 டிசம்பர் 15-ல் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது. தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சிலிங்கிலும் 5% ஒதுக்கீடு தனியாக இருக்கிறது.

அரசு உதவி பெறாத சுயநிதி கல்லூரிகளை இந்தப் பிரிவு கட்டுப்படுத்தாது. அதனால் அப்ளிகேஷன் போடும் முன்பே அது அரசுக் கல்லூரியா, உதவி பெறும் கல்லூரியா, சுயநிதியா என்று கேட்டுத் தெரிஞ்சுக்கணும். ஒரே கல்லூரியில் சில கோர்ஸ்கள் உதவி பெறும் பிரிவிலும், சில கோர்ஸ்கள் சுயநிதிப் பிரிவிலும் இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

அப்படியென்றால் சுயநிதி கல்லூரியில் எந்த உரிமையும் இல்லையா? இருக்கிறது. பாகுபாடு இல்லாத சேர்க்கை, வளாக வசதி, தேர்வு வசதி பற்றிய 16, 17-வது பிரிவுகள் அரசு நிதி பெறும் நிறுவனங்களோடு அரசு அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களையும் சேர்த்தே பேசுகின்றன.

வகுப்பறையில் என்ன கேட்கலாம்?

சட்டத்தில் 'நியாயமான வசதி' என்று ஒரு சொல் வருகிறது. நிறுவனத்துக்கு அளவுக்கு மீறிய சுமை ஆகாத வகையில், அந்த மாணவருக்குத் தேவையான மாற்றத்தைச் செய்து தருவதுதான் இது. எல்லோருக்கும் ஒரே மாதிரி வசதி என்பதல்ல, ஆளுக்கு ஏற்ற வசதி. உதாரணமாக:

* லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், அந்த மாணவர் படிக்கும் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுவது
* சாய்தளம், கைப்பிடி, வீல்சேர் நுழையும் கழிப்பறை
* பார்வைக் குறைபாடு உள்ளவருக்குப் பாடக் குறிப்புகளைக் கம்ப்யூட்டர் படித்துக் காட்டும் வடிவில் முன்கூட்டியே தருவது
* காது கேளாதவருக்குச் சைகை மொழி உதவி அல்லது எழுத்து வடிவில் பாடம்

'லிஃப்ட் கட்ட எங்ககிட்ட பணம் இல்லை' என்று கல்லூரி சொல்லலாம். ஆனால் டைம் டேபிளில் ஒரு ரூமை மாற்ற பணம் தேவையில்லை. கோரிக்கையை இப்படிக் குறிப்பாக எழுதிக் கொடுத்தால் மறுப்பது கடினம்.

தேர்வில் கூடுதல் நேரம் எவ்வளவு?

தேர்வு முறையில் மாற்றம், கூடுதல் நேரம், ஸ்கிரைப் (சொல்லச் சொல்ல எழுதுபவர்), இரண்டாம் மற்றும் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றை 17-வது பிரிவு குறிப்பிடுகிறது. மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல்படி ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல். அதாவது 3 மணி நேரத் தேர்வு என்றால் 1 மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். பெஞ்ச்மார்க் அளவு பாதிப்பு உள்ளவர் ஸ்கிரைப் வைக்காமல் தானே எழுதினாலும் இந்த நேரம் உண்டு. ஸ்கிரைப் யாராக இருக்கலாம், என்ன படித்திருக்கலாம் என்ற விதிகள் தேர்வுக்குத் தேர்வு மாறுவதால், அந்தந்த தேர்வு அறிவிப்பைப் படிப்பது நல்லது.

40%-க்குக் குறைவாக இருந்தால்?

அப்போதும் கேட்கலாம். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்பு உள்ள ஒருவருக்கு சிவில் சர்வீஸ் தேர்வில் ஸ்கிரைப் மறுக்கப்பட்டது. அந்த விகாஷ் குமார் எதிர் யுபிஎஸ்சி வழக்கில், 2021 பிப்ரவரி 11-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: ஸ்கிரைப் வசதி பெஞ்ச்மார்க் அளவு உள்ளவர்களுக்கு மட்டுமானது அல்ல. இதன் தொடர்ச்சியாக, 40%-க்குக் குறைவான பாதிப்போடு எழுதச் சிரமப்படுபவர்களுக்கான தனி வழிகாட்டுதலை 2022 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்டது. எழுதுவதில் சிரமம் இருப்பதற்கான மருத்துவச் சான்று இதற்கு அவசியம்.

முன்கூட்டியே கேட்கணும், ஏன்?

2021 நீட் தேர்வில், எழுதுவதில் குறைபாடு உள்ள ஒரு மாணவிக்கு உரிய ஒரு மணி நேரம் மையத்தில் தரப்படவில்லை. விடைத்தாளை வாங்கிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவருக்கு நடந்தது அநீதி என்று அதே ஆண்டு நவம்பர் 23-ல் தீர்ப்பு வந்தது. ஆனால் மறுதேர்வு நடத்த நீதிமன்றம் உத்தரவிடவில்லை. நடந்த தவறைச் சரிசெய்ய என்ன செய்யலாம் என்று ஒரு வாரத்துக்குள் பரிசீலிக்கும்படி தேசிய தேர்வு முகமையிடம் சொன்னது.

உரிமை இருக்கிறது என்று பிறகு தீர்ப்பு வந்தாலும், போன தேர்வு போனதுதான். ஹாலுக்குள் நின்று வாதாடி ஜெயிப்பது எளிதல்ல. அனுமதிக் கடிதம் முன்பே கையில் இருக்கணும்.

மறுத்தால் யாரிடம் புகார்?

முதலில் முதல்வரிடம் எழுத்து மூலம் மனு. பல்கலைக்கழகத் தேர்வு என்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கும் நகல் அனுப்பணும். பலன் இல்லை என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் செய்யலாம். விசாரணையில் சிவில் நீதிமன்றத்துக்குரிய சில அதிகாரங்கள் அவருக்கு உண்டு. அவர் செய்யும் பரிந்துரை மீது எடுத்த நடவடிக்கையை 3 மாதத்துக்குள் தெரிவிக்கணும், ஏற்கவில்லை என்றால் காரணம் சொல்லணும். சட்டத்தை மீறினால் முதல் முறை ரூ.10,000 வரையும், அடுத்தடுத்த முறை ரூ.50,000 முதல் ரூ.5 லட்சம் வரையும் அபராதம் விதிக்க வழி இருக்கிறது.

மறக்காம செய்ய வேண்டியவை

* பிளஸ் 2 ரிசல்ட்டுக்கு முன்பே யுடிஐடி அட்டைக்கு விண்ணப்பிக்கவும்.
* அட்மிஷன் படிவத்தில் மாற்றுத்திறனாளி என்ற கட்டத்தைக் காலியாக விட வேண்டாம்.
* முதல் செமஸ்டர் தொடங்கும்போதே என்னென்ன வசதி தேவை என்று எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளவும்.
* எக்ஸாம் ஃபீஸ் கட்டும்போதே ஸ்கிரைப், கூடுதல் நேரம் இரண்டையும் கேட்கவும்.
* பெற்றோர் ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருந்தால், தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.
* அரசின் சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் டிக்கெட் இல்லை. கல்லூரிக்குப் போகும் ரூட்டில் அந்த பஸ் ஓடுகிறதா என்று பார்த்து வைக்கவும்.