யாருடைய எண்கள்? கெர்னலுக்குள் துணைச்செயலியைத் திறப்பது குறித்து

கெர்னலுக்குள் மிதவைப் புள்ளி அலகை இயக்குவது எப்படி என்று கேட்டால் கையேடுகள் இரண்டு வரியில் விடை சொல்லிவிடும். ஏ.ஆர்.எம். ஏழாம் தலைமுறைச் செயலியில் 10, 11 எண்ணுள்ள துணைச்செயலிகளுக்கு அனுமதி கொடு. பிறகு அந்த அலகின் இயக்க பிட்டை 1 ஆக்கு. விடையில் பிழையில்லை, கேள்விதான் குறைபட்டது. கருப்பாநதித் தண்ணீர் பாயும் எங்கள் கடையநல்லூர்ப் பக்கத்தில் மடையைத் திறக்க யாருக்கும் தெரியும். இப்போது யார் முறை என்பதில்தான் வாய்த்தகராறே வரும். கெர்னலிலும் சிக்கல் முறையில்தான். ஆகவே அந்த பிட்டுகளை அனுமதிச் சாவியாகப் பார்ப்பதைவிட உடைமைக் கணக்காகப் பார்ப்பதே பொருந்தும் என்பது என் வாதம்.

துணைச்செயலி என்ற பெயர் 1980இல் வந்த இன்டெல் 8087 போன்ற தனிச் சில்லுகளின் காலத்தது. 80286 முதல் இன்டெல் செயலிகளில் ‘பணி மாறியது’ என்று குறிக்கும் ஒரு பிட் உண்டு. கெர்னல் ஒரு நிரலை நிறுத்தி இன்னொன்றை ஓட்டும்போது அந்த பிட்டை மட்டும் ஏற்றிவிடும். பழைய நிரலின் எண்கள் பதிவகங்களிலேயே கிடக்கும். புதிய நிரல் மிதவைப் புள்ளிக் கட்டளையைத் தொட்டால் ட்ராப் எழும், அப்போது எடுத்துவைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான நிரல்கள் அந்த அலகைத் தொடாத நாளில் இது நல்ல சிக்கனம்.

2018 ஜூனில் அந்தச் சிக்கனத்தின் விலை தெரிந்தது. ட்ராப் எழுவதற்கு முன்பே சில இன்டெல் செயலிகள் அடுத்தடுத்த கட்டளைகளை ஊகமாக ஓட்டிப் பார்த்தன. அந்த இடைவெளியில் பிறர் விட்டுப்போன எண்களை ஊகித்தறிய முடிந்தது. குறியாக்கச் சாவிகள் தங்குவதும் அதே பதிவகங்களில்தான். லினக்ஸ் 2016லேயே, வேறு காரணங்களுக்காக, புதிய கெர்னல்களில் இவ்வழக்கத்தைக் கைவிடத் தொடங்கியிருந்தது. இங்கே குற்றம் இப்படித் தள்ளிப்போடும் சோம்பலின் மேல் சுமத்தப்பட்டது. ஆனால் இரண்டு சோம்பல்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: தேவையில்லாததை நினைவகத்தில் சேமிக்காமல் விடுவது ஒன்று, அடுத்தவர் வந்த பின்னும் பழையவரின் பொருளை உள்ளேயே விட்டுவைப்பது வேறு. தீங்கு செய்தது இரண்டாவது.

இந்த வேறுபாட்டை எழுத்தில் வைத்திருப்பது ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பு. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலிகள் அதன்மேல் எழுந்தவை; 2018இல் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டரிலும், சண்டிகர் எஸ்.சி.எல். ஆலையில் 180 நானோமீட்டரிலும் அவை சில்லாயின. லினக்ஸை ஓட்டுவது அவற்றின் சி-வகுப்பு. இந்தக் கட்டமைப்பில் நிலைப் பதிவகத்தின் 13, 14ஆம் பிட்டுகளுக்கு எஃப்.எஸ். என்று பெயர். மதிப்பு 0 என்றால் மூடல்: எந்த மிதவைப் புள்ளிக் கட்டளையும் ‘செல்லாத கட்டளை’ என்று, காரண எண் 2ஓடு விழும். 1 தொடக்க நிலை, 2 சுத்தம், 3 அழுக்கு. பதிவகம் ஏதேனும் மாறியதும் வன்பொருளே அழுக்கு என்று குறித்துக்கொள்ளும்.

லினக்ஸ் இதை நடத்தும் விதம் கவனிக்கத்தக்கது. பணி மாறும்போது, அழுக்காக இருந்தால் மட்டும் 32 பதிவகங்களின் 256 பைட்டையும் நிலைச்சொல்லையும் சேமிக்கிறது. மீட்பதை மட்டும் தள்ளிப்போடுவதில்லை. அதாவது முதல் சோம்பலை வைத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டது. கெர்னல் தனக்கோ, ட்ராப்பில் நுழையும் ஒவ்வொரு முறையும் அந்த பிட்டுகளை அழித்து அலகை மூடிக்கொள்கிறது. கம்பைலரிடமும் மிதவைப் புள்ளிக் கட்டளை கூடாது என்று சொல்லியிருக்கிறது.

சிறு பலகைகளுக்கான தொடக்க நிரல்களில் நான் அடிக்கடி காணும் ஒரு வழக்கம் இதற்கு நேர் எதிர். பதினாறு அடிமான எண்ணில் 6000 என்ற மதிப்பை எழுதி இரண்டு பிட்டையும் ஒன்றாக ஏற்றிவிடுவார்கள். அலகு வேலை செய்யும். ஆனால் முதல் கணமே ‘அழுக்கு’ என்று பதிந்தாயிற்று. எதையும் தொடாத பணிக்கும் 256 பைட் சேமிக்கப்படும். 2000 எழுதியிருந்தால் தொடக்க நிலை, உண்மைக் கணக்கு. இரண்டுக்கும் செலவு ஒரே கட்டளைதான்.

அப்படியென்றால் கெர்னலுக்கு மிதவைப் புள்ளி வேண்டாமா? சில வரைகலை இயக்கிகளுக்கு வேண்டியிருக்கிறது. 2024இல் ரிஸ்க்-ஃபைவ் லினக்ஸில் இதற்கு வழி வந்தது. ஓட்டத்தைப் பறிக்கவொட்டாமல் தடுத்து, பயனரின் எண்களைச் சேமித்து, பிட்டுகளைத் திறந்து, வேலை முடிந்ததும் மூடி, எண்களைத் திருப்பித் தருவது இதன் முறை. திறப்பு ஒரே வரி; மற்ற வரிகளெல்லாம் உரியவரைப் பற்றியவை. எப்போதும் திறந்து வைத்திருந்தால் தொல்லையில்லையே என்பார்கள். அப்போது கெர்னலில் தவறி நுழைந்த ஒரு பெருக்கல் ட்ராப் எழுப்பாது, பயனரின் கணக்கை ஓசையில்லாமல் மாற்றிவிட்டுப் போகும். அந்தப் பிழையைத் தேடி அலைந்தவர்கள் மூடிய அலகை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

சி-வகுப்பு ஐந்து கட்டங்களில் கட்டளைகளை வரிசைப்படி ஓட்டுவது, 2018இன் கசிவு அதற்கு எளிதில் வராது என்ற மறுப்பையும் ஏற்கலாம். ஆனால் சக்தி வரிசையில் ஐ-வகுப்பு கட்டளைகளை வரிசை மாற்றி ஓட்டுவது. இரண்டின்மேலும் ஓடப்போவது ஒரே கெர்னல். மேலும், எந்நேரமும் ‘அழுக்கு’ என்றே காட்டும் வன்பொருளையும் ரிஸ்க்-ஃபைவ் விதி அனுமதிக்கிறது. செயலி வடிவமைப்பாளர் அந்தச் சலுகையை எடுத்துக்கொண்டால் கெர்னல் எவ்வளவு கவனமாக எழுதப்பட்டாலும் பயனில்லை. வெக்டர் அலகில் இது இன்னும் கனக்கும்: 256 பிட் அகலத்துக்கே 32 பதிவகங்கள் 1,024 பைட், அதற்கான கணக்கு 9, 10ஆம் பிட்டுகளில் இருக்கிறது.