கன்னியாகுமரிக் கடற்கரைத் தாதுமணலும் நில உரிமையும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடலோரத்தில், மணவாளக்குறிச்சியை ஒட்டியும் அதற்கு வடமேற்கே கிள்ளியூர் வட்டத்திலும் காணப்படும் கருமணல் படிவுகளை யார் ஆள்வது, அவற்றின்மேல் வாழும் மக்களின் ஒப்புதல் எதுவரை தேவை என்பதே இம்மாவட்டத்தின் நீண்டகால நில உரிமைச் சிக்கல்களுள் ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகள் சிதைந்து ஆறுகள் வழியே கடலுக்கு வந்து சேரும் மணலை, தென்மேற்குப் பருவமழைக் காலத்து அலைகள் அலசி, எடை குறைந்த துகள்களை இழுத்துச் செல்வதால், இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட், மோனசைட் ஆகிய கன தாதுக்கள் கரையிலேயே தங்குகின்றன. இவற்றுள் மோனசைட்டில் தோரியமும் அருமண் தனிமங்களும் இருப்பதால் அது அணுக் கனிமம் எனப்படுகிறது.

1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். வாயு விளக்கு வலைகளுக்குத் தோரியம் தேவைப்பட்ட காலமாதலால் மணவாளக்குறிச்சியில் விரைவிலேயே ஆலை எழுந்தது. 1950இல் தொடங்கப்பட்ட இந்திய அருமண் நிறுவனம் 1963இல் முழுமையாக மத்திய அரசுக்கு உரியதாகி, பின்னர் இங்கிருந்த தனியார் தொழிலையும் எடுத்துக்கொண்டது. இதற்கிடையே 1956 நவம்பர் 1இல் இப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தது. மணலின்மீதான பிடியோ அணுசக்தித் துறையிடமே இருந்தது.

வருவாய்த்துறைப் பதிவேட்டில் கடற்கரை பெரும்பாலும் புறம்போக்கு, அதாவது தனியார் பட்டா இல்லாத அரசு நிலம். ஆனால் கரைமடி இழுப்பது, வள்ளத்தை ஏற்றி வைப்பது, வலையையும் மீனையும் உலர்த்துவது ஆகியவற்றுக்கு இன்ன ஊர்க்கு இன்ன கரை என்ற வழக்கு முக்குவ மீனவர் ஊர்களில் உண்டு. எந்தப் பதிவேட்டிலும் இல்லாத இந்த வழக்கு, இழப்பீடு பேசும் வேளையில் கணக்கில் வருவதில்லை. பட்டா நிலத்திலும் அணுக் கனிமத்தை எடுக்கும் உரிமையை அரசே வழங்கும். கடலோர ஒழுங்குமுறை மண்டலம் குறித்த 1991ஆம் ஆண்டு அறிவிக்கை கரையில் மணல் அள்ளுவதைத் தடுத்தபோதும், வேறிடத்தில் கிடைக்காத அரிய கனிமங்களுக்கு விலக்கு அளித்தது. ஒடிசாவின் நியமகிரி மலையில் 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 12 கிராம சபைகள் கூடிச் சுரங்கத்தை நிராகரிக்க முடிந்ததற்கு வன உரிமைச் சட்டம் துணை நின்றது. கடற்கரைக்கு அப்படியொரு சட்டம் இல்லாததே இங்குள்ள அடிப்படைக் குறை.

கீழ்மிடாலம், மிடாலம், இனயம் புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு ஆகிய ஊர்களில் 1,144 ஹெக்டேர் பரப்பில் மணல் எடுக்க இந்திய அருமண் நிறுவனம் வகுத்த திட்டத்துக்கு 2024 அக்டோபர் 1இல் நடக்கவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் எதிர்ப்பினால் ஒத்திவைக்கப்பட்டது. மணல் மேடுகள் குலைந்தால் கடலரிப்பு கூடும் என்பதும், கதிரியக்கத்தால் புற்றுநோய் பெருகும் என்பதும் மீனவர்களின் அச்சம். இவ்வகைக் கரைகளில் இடப்பெயர்ச்சி ஓர் அரசாணையின் பேரில் ஒரே நாளில் நிகழாமல், வீட்டுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் குறையக் குறைய மெல்ல நிகழக்கூடும். எனவே அதை மறுவாழ்வுக் கணக்கில் கொண்டுவருவதும் கடினம்.

இதே தாதுக்களைக் குறித்து ஆப்பிரிக்காவிலும் வழக்குகள் நடந்துள்ளன. தென்னாப்பிரிக்காவின் சோலோபேனியில் டைட்டானிய மணல் திட்டத்தை எதிர்த்த ஊரார் தொடுத்த வழக்கில், 1996ஆம் ஆண்டின் முறைசாரா நில உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டு, வெறும் கலந்தாலோசனை போதாது, முழு விவரமறிந்த ஒப்புதல் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. எழுத்தில் இல்லாத வழக்குரிமையைச் சட்டம் ஏற்ற இந்த வழி, குமரிக் கரைக்கு மிக நெருங்கிய முன்மாதிரியாகும். இந்தியாவிலோ, 2025 செப்டம்பரில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக் கனிமச் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்தே விலக்கு அளித்தது. தமிழக அரசு இதை எதிர்த்தது.