‘பயங்கரவாதம்’ என்னும் சொல்லும் அல்ஜியர்ஸ் நகரும்

ஐரோப்பிய மொழிகளில் ‘தெரரிசம்’ என வழங்கும் சொல், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து அச்ச ஆட்சி (1793-94) வீழ்ந்த பின்னர்ப் பிறந்தது. பிரெஞ்சுக் கழகத்து அகராதியின் 1798ஆம் ஆண்டுப் பதிப்பில், அச்சத்தால் ஆளும் ஆட்சிமுறை என்னும் பொருளிலேயே அஃது இடம்பெற்றது. அரசு குடிகளுக்குச் செய்ததையே அது முதற்கண் குறித்தது. நூற்றைம்பது ஆண்டுகட்குப் பின், அல்ஜீரிய விடுதலைப் போரில் (1954-62), பிரெஞ்சு அரசு அச்சொல்லை முற்றும் எதிர்த்தரப்பின்மேல் ஏற்றியது. (தமிழில் நாம் வழங்கும் ‘பயங்கரவாதம்’, தன் ஈற்றால் ஒரு செயலைக் கொள்கையாகவே ஆக்கிவிடுகிறது. இது தனியே ஆராயத்தக்கது.)

1956 செப்டம்பர் 30 அன்று, அல்ஜியர்ஸில் ஐரோப்பியர் கூடும் மில்க் பார் முதலிய இடங்களில் தேசிய விடுதலை முன்னணியின் பெண்கள் வைத்த குண்டுகள் வெடித்தன. பனிக்குழைவு உண்ண வந்தோரும் சிறுவரும் அவற்றிற்கு இரையாயினர். பிரெஞ்சுத் தரப்பார் பலர் நகரப் போரின் வரலாற்றை இந்நாளிலிருந்தே தொடங்குவர். அல்ஜீரியர் தொடங்கும் நாள் வேறு. அவ்வாண்டு ஜூன் 19 அன்று பார்பரூஸ் சிறையில் அகமது சபானா, அப்துல்காதர் ஃபெராஜ் ஆகிய இருவரின் தலைகள் கில்லட்டினால் துணிக்கப்பட்டன. அதற்குப் பழியாக முன்னணியினர் தெருக்களில் ஐரோப்பியரைச் சுட்டனர். ஆகஸ்டு 10 அன்று ஐரோப்பியக் குடியேறிகளுள் தீவிரர் சிலர் கஸ்பாவின் தெப் தெருவில் வைத்த குண்டு, உறங்கிக்கொண்டிருந்த குடும்பங்களைப் புதைத்தது. அதற்குப் பின்னரே மில்க் பார். அந்நாளில் நீதியமைச்சராக இருந்து தண்டனைகளுக்கு இசைந்த மித்தரான், 1981இல் குடியரசுத் தலைவராகி மரண தண்டனையையே ஒழித்தார் என்பதும் எண்ணத்தக்கது.

இவ்வரிசையைக் கூறுவதால் மில்க் பார் செயல் நியாயமாகிவிடாது. ஆயினும், செப்டம்பர் 30இல் தொடங்கும் வரலாறு பாதி வரலாறே. எண்ணிக்கையிலும் இதே சிக்கல் உண்டு. 1955 ஆகஸ்டு 20 அன்று பிலிப்வில் பகுதியில் முன்னணியினர் கொன்றவர் 123 பேர்; அவருள் ஐரோப்பியர் 71. பதிலடியில் மாண்டவர் 1,273 என்றது பிரெஞ்சு அரசு. 12,000 என்றது முன்னணி.

கலகத்தின் வேர் கெய்ரோவில் உள்ளது என்று பிரதமர் மொல்லே உறுதியாக நம்பினார். நாசரை இட்லருடன் ஒப்பிட்டார். அந்நம்பிக்கையும் பிரான்சைச் சூயஸ் படையெடுப்பிற்கு (1956) இட்டுச் சென்றது. ஒரு நாட்டு மக்களின் குறையை வேற்றுநாட்டுச் சதியாகக் கண்டமை இக்கொள்கையின் பெரும்பிழை என்பது என் துணிபு. மேலை நாட்டார் அனைவரும் அவ்வாறு கருதினாரல்லர். 1957 ஜூலையில் அமெரிக்கச் செனட் அவையில் கென்னடி அல்ஜீரிய விடுதலைக்கு ஆதரவாகப் பேசினார்.

1957 ஜனவரியில் தளபதி மசுவின் வான்குடைப் படையிடம் நகரக் காவல் ஒப்படைக்கப்பட்டது. வதை நடைமுறையாயிற்று. அதனை ஏற்க மறுத்த தளபதி பொல்லார்தியேருக்கு அறுபது நாள் கோட்டைச் சிறை கிடைத்தது. நாசி வதைமுகாமில் தாயை இழந்து, தாமும் அதில் அடைபட்டு மீண்ட மானிடவியலறிஞர் ஜெர்மேன் தில்லியோன், ஜூலை 4 அன்று கஸ்பாவில் மறைந்திருந்த முன்னணித் தலைவர் யாசெஃப் சாதியைக் கண்டார். கொலைத் தண்டனைகள் நின்றால் பொதுமக்கள்மீது குண்டு வீழாது என்று யாசெஃப் வாக்களித்தார். தில்லியோன் அதனை அரசுக்குக் கொண்டுசென்றார். தண்டனைகள் அம்மாத இறுதியிலேயே மீண்டும் நிறைவேற்றப்பட்டன. பிடிபட்ட யாசெஃபிற்காக அவ்வம்மையார் பின்னர் நீதிமன்றத்திற் சான்று கூறினார். இரு தரப்பாரையும் ஒரே அளவுகோலால் அளந்த அவரை, அன்று இரு தரப்பாருமே முழுமையாக ஏற்றாரல்லர்.

அரசுச் சொல்வழக்கில் அல்ஜீரியாவில் நடந்தது நெடுங்காலம் ‘நிகழ்ச்சிகள்’ மட்டுமே. 1999 அக்டோபரிற் செய்த சட்டத்தால்தான் பிரான்சு அதனைப் ‘போர்’ எனக் குறித்தது. 1957 மார்ச்சில் காவலில் இறந்த லார்பி பென் மெகிதி தூக்கிட்டுக்கொண்டார் என்பதே அக்கால அறிவிப்பு. தாம் அவரைக் கொன்றதைப் படைத்தலைவர் ஒசரேஸ் 2001இல் எழுதினார். பிரெஞ்சு வீரர்களே அவரைக் கொன்றனர் என்று பிரெஞ்சு அரசு ஒப்புக்கொண்டது 2024 நவம்பர் 1 அன்று.