விமானப் படங்களில் நாம் வாசிக்காமல் விடும் பெயர்கள்

விமானப் படம் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது 1986இல் வந்த 'டொப் கன்'. அந்தப் படம் ஆர்ட் ஸ்கோல் என்ற விமானிக்குச் சமர்ப்பணம் செய்யப்பட்டிருப்பதை எத்தனை பேர் கவனித்திருப்போம்? 1985 செப்டெம்பரில் அப்படத்துக்காகக் கெமராவுடன் வானில் சுழன்றபோது, அவரது விமானம் கலிபோர்னியாவுக்கு அப்பால் கடலில் விழுந்தது. உடலும் கிடைக்கவில்லை, விமானமும் கிடைக்கவில்லை.

இந்த வரலாறு பழையது. 1927இல் வந்த 'விங்ஸ்' முதலாவது ஒஸ்கார் விழாவில் சிறந்த படமாகத் தெரிவானது. அதன் இயக்குநர் வில்லியம் வெல்மன் முதலாம் உலகப் போரில் விமானியாக இருந்தவர். வெறும் நீலவானில் விமானத்தின் வேகம் கண்ணுக்குத் தெரியாது. ரயிலில் போகும்போது அருகிலுள்ள மரங்கள் பின்னால் ஓடுவதால்தானே வேகத்தை உணர்கிறோம்? வானில் அந்த மரங்களின் வேலையைச் செய்வது மேகம். அதனால் மேகம் வரும்வரை அவர் நாட்கணக்கில் படப்பிடிப்பை நிறுத்திவைத்தார். நடிகர்களும் உண்மையாகவே வானில் ஏறினார்கள்.

1930இல் ஹோவர்ட் ஹியூஸின் 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' வந்தது. அதன் படப்பிடிப்பில் மூன்று பேராவது உயிரிழந்தனர். தானே விமானமோட்டிய ஹியூஸும் விழுந்து காயத்தோடு தப்பினார்.

நம் மனதில் அதிகம் தைப்பது 1965இல் வந்த 'த ஃபிளைட் ஒஃப் த பீனிக்ஸ்'. பாலைவனத்தில் விழுந்த விமானத்தின் உடைந்த பாகங்களைக் கொண்டே இன்னொரு விமானம் செய்து தப்பும் மனிதர்களின் கதை அது. அதற்காகச் செய்யப்பட்ட விமானத்தை ஓட்டியவர் போல் மன்ட்ஸ். 1949இல் இன்னொரு படத்துக்காக, நான்கு இயந்திரங்கள் கொண்ட பி-17 குண்டுவீச்சு விமானத்தைத் தனியாளாக ஓட்டிவந்து, சக்கரம் இறக்காமல் தரையில் சறுக்கவிட்டவர். 1965 ஜூலை 8ஆம் திகதி பீனிக்ஸ் விமானம் தரையைத் தொட்டு எழும் காட்சியை மீண்டும் எடுத்தபோது, அது உடைந்து நொறுங்கியது. 61 வயதான மன்ட்ஸ் உயிரிழந்தார். கதையில் எல்லோரையும் காப்பாற்றும் விமானம், நிஜத்தில் அதை ஓட்டியவரைக் காப்பாற்றவில்லை.

படத்தின் முடிவில் அவருக்கான அஞ்சலி வாசகம் வருகிறது. நாமோ எழுத்துகள் ஓடத் தொடங்கியதுமே எழுந்துவிடுகிறோம். அடுத்த தடவை பிள்ளைகளோடு இப்படியொரு படம் பார்த்தால், இரண்டு நிமிடம் இருந்து அந்தப் பெயர்களையும் வாசிப்போம். அதுவும் வரலாற்றுப் பாடம்தான்.