ஆணி அடிக்காத சுவர்

'குறைந்த செலவில் குழந்தைகளின் படுக்கையறை' என்று தேடினால் வரும் படங்கள் எல்லாம் ஒரே மாதிரிதான். ஒரு பிள்ளை, ஒரு கட்டில், வெளிர்நீலச் சுவர், அதில் நாலு நட்சத்திரம். செலவு எவ்வளவு என்று கீழே கணக்குப் போட்டிருப்பார்கள். கணக்கில் சுவர் வராது. அது ஏற்கெனவே இருக்கிறது, அதுவும் நம்முடையது என்று எடுத்துக்கொள்கிறார்கள். கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்களின் கதையில் இடறுவது இந்த இடம்தான்.

குழந்தைப் பருவம் என்பதே தனியாக உருவாகி வந்த ஒரு கருத்து என்று 1960இல் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பிலிப் ஆரியெஸ் எழுதினார். அவரோடு சண்டை போட்டவர்கள் நிறைய. ஆனால் பிள்ளைக்குத் தனி அறை என்பது ஐரோப்பாவிலும் முதலில் வசதியுள்ள வீடுகளின் ஏற்பாடுதான் என்பதில் பெரிய சண்டை இல்லை. மலாயாவுக்கு அந்த அறை துரை பங்களா வழியாக வந்தது. நம் பெண்கள் அதை முதலில் பார்த்தது ஆயாக்களாக. கொசுவலையை இழுத்துவிட்டு, விளையாட்டுச் சாமான்களை அடுக்கிவைத்துவிட்டு, இருட்டியதும் லயத்துக்குத் திரும்பினார்கள்.

லயத்தில் ஓர் அறை பத்துக்குப் பத்து, மிஞ்சிப்போனால் பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதற்குள்தான் குடும்பம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும். பல இடங்களில் பள்ளி என்று இருந்தது ஒரு கொட்டகைதான், அது வேறு கதை. பிள்ளைகளுக்குத் தனிக் கூலி விகிதமும் இருந்தது. ஆக, தோட்டத்துப் பிள்ளைக்குப் பள்ளி உண்டு, கூலி உண்டு. படுக்க ஒரு மூலை வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. 1941இல் ஆர். எச். நாதன் தலைமையில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது கேட்டவற்றில், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை ஒழிப்பதோடு, பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வியும் இருந்தது. படிக்க இடம் கேட்பதுதான் அன்றைக்கு நினைத்துப் பார்க்க முடிந்த எல்லை. அந்தப் போராட்டத்தில் உயிர்கள் போயின. நாதனை நாடு கடத்தினார்கள்.

லயத்துச் சுவர் அதற்காக வெறுமையாக இருந்ததில்லை. பலகை இடுக்கில் காற்று வராமல் இருக்கப் பழைய தமிழ்ப் பேப்பரைக் கஞ்சிப்பசை தடவி ஒட்டுவார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு அந்தச் சுவரே வாசகம். மளிகைக்கடைக்காரர் கொடுக்கும் சாமிப் படக் காலண்டர் வருஷம் முடிந்ததும் தாள் கழற்றப்பட்டு, படம் மட்டும் நிற்கும். பிற்பாடு குதிரைக் காலண்டரும் சேர்ந்தது. பள்ளி விடுமுறை அதில்தானே குறித்திருக்கும்! பழைய சேலை திரையாகும், பாய் சுருட்டி மூலையில் நிற்கும். இவற்றுக்கெல்லாம் காசு தேவையில்லை. இவற்றில் இன்னொரு பொதுத்தன்மையும் உண்டு. கிளம்பச் சொன்னால் பத்து நிமிடத்தில் கழற்றிச் சுருட்டிவிடலாம்.

பிரிக்ஃபீல்ட்ஸிலும் விஷயம் வேறில்லை. கோலாலம்பூரைச் செங்கல்லால் கட்டியெழுப்பச் சூளைகள் எரிந்த இடம் அது. அங்கே குடியிருந்த ரயில்வேத் தமிழர்களின் செங்கல் வீடோ குவாட்டர்ஸ். வேலை இருக்கும்வரை வீடு.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் ஆட்கள் வெளியேறியபோது பலர் புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு கட்டினார்கள். எனக்கு இந்தக் கட்டம்தான் சுவாரஸ்யமானது. நிலம்தான் சொந்தமில்லை, சுவர் சொந்தம். இஷ்டப்பட்ட இடத்தில் ஆணி அடிக்கலாம், பிள்ளை பெரிதானால் பின்பக்கம் பலகை தடுத்து ஓர் அறை இழுக்கலாம். உடைக்க வருவார்கள் என்று தெரிந்தும் பச்சை, ஊதா என்று பெயிண்ட் அடித்தார்கள். 2005க்குள் புறம்போக்குக் குடியிருப்பே இல்லாத சிலாங்கூர் என்று மாநில அரசு இலக்கு வைத்தது. சிலர் அடுக்குமாடிக்குப் போனார்கள். 'தற்காலிகம்' என்று சொல்லி நீண்ட வீடுகளில் வைக்கப்பட்டவர்கள் அங்கேயே பிள்ளைகளை வளர்த்து முடித்தார்கள்.

புத்ராஜெயா எழுந்த இடத்தில் பிராங் பெசார் முதலிய ரப்பர் தோட்டங்கள் இருந்தன. அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டன. கொஞ்ச காலத்திலேயே அந்தக் கட்டடங்களில் விரிசல் விழுந்தது. புதுத் தலைநகரத்தைப் பற்றி வந்த பளபளப்பான புத்தகங்களில் இந்தச் சுவர்களைக் காண முடியாது.

மலிவு விலை வீடு 1980களில் 25,000 வெள்ளி, அறை இரண்டு. 1998க்குப் பிறகு வந்த மக்கள் வீடமைப்புத் திட்டத்தில் அறை மூன்று, ஏறத்தாழ 700 சதுர அடி, மாத வாடகை 124 வெள்ளி. பெற்றோருக்கு ஒன்று, ஆண் பிள்ளைகளுக்கு ஒன்று, பெண் பிள்ளைகளுக்கு ஒன்று என்று பார்த்தால், பலருக்கு வம்சத்திலேயே முதல் 'பிள்ளைங்க ரூம்' இதுதான். பாட்டி வந்து சேர்ந்தால் அதுவும் போச்சு. கோலாலம்பூரின் 17 மலிவு விலை அடுக்குமாடிகளில் ஆய்வு நடத்தி யுனிசெஃப் 2018இல் வெளியிட்ட அறிக்கை, அங்குள்ள பிள்ளைகள் ஏறக்குறைய எல்லாரும் ஒப்பீட்டு வறுமையில் இருப்பதாகச் சொன்னது.

அந்த ரூமுக்குள் போய்ப் பார்த்தால் டபுள் டெக்கர் கட்டில் பாதியை அடைத்திருக்கும். மேல்தட்டு யாருக்கு என்பதில் தினமும் சண்டை. கான்கிரீட்டில் சாதாரண ஆணி இறங்காது, துளை போட மிஷின் வேண்டும், வாடகை வீட்டில் அது எதற்கு என்று அப்பா சொல்லிவிடுவார். ஆகவே பசார் மாலாமிலோ மிஸ்டர் டிஐஒய்யிலோ வாங்கிய ஸ்டிக்கர், இரண்டு பக்கமும் ஒட்டும் டேப், ஒட்டுக்கொக்கி. ஈரம் ஏறினால் உதிரும், மறுபடி ஒட்டுவார்கள். கட்டில் கம்பியில் அம்மாவின் பழைய சேலையைத் திரையாகக் கட்டி, 'கேட்காம உள்ள வராதே' என்று ஒரு பெண் பிள்ளை அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருப்பாள்.