சென்னையின் கேன் தண்ணீர்

சென்னையின் குடிநீர் வரலாற்றில் இருபது லிட்டர் கேன் மிகவும் பிந்தி வந்தது. கோட்டையின் தேவைக்காக 1772-இல் ஏழு கிணறு, 1872-இல் செங்குன்றம் ஏரித் திட்டம், 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் என்று வளர்ந்த வழங்கல், 1978-இல் குடிநீர் வாரியத்தின் பொறுப்புக்கு வந்தது. தண்ணீர் போதாத ஆண்டுகள் பல இருந்தன. ஆனாலும் அதன் தரத்துக்குப் பதில் சொல்லவேண்டிய இடம் ஒன்று இருந்தது.

2003, 2004 வறட்சியில் ஏரிகள் வற்றின. குழாயில் தண்ணீர் ஏறக்குறைய நின்றே போனது. லாரித் தண்ணீர் புழக்கத்துக்கு, கேன் தண்ணீர் குடிக்க என்று வீடுகள் பழகிக்கொண்டன. 2004-இல் வீராணம் ஏரியின் தண்ணீர் சென்னைக்கு வந்துசேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை.

கேனில் நிரம்புவது பெரும்பாலும் புறநகர் ஆழ்துளைக் கிணற்று நீர். மணல், கரி வடிகட்டிகளைக் கடந்து, ஆர்.ஓ. சவ்வில் உப்பு நீங்கி, புற ஊதாக் கதிரும் ஓசோனும் பட்டு அது வெளியே வருகிறது. முறையாக நடக்கும் ஆலையில் இந்தக் கட்டம்வரை குறை சொல்ல அதிகம் இல்லை. சிக்கல் அதற்குப் பிறகுதான். குழாய் நீரில் எஞ்சியிருக்கும் குளோரின் வழியில் சேரும் கிருமியையும் கொல்லும். ஓசோனோ விரைவில் சிதைந்துவிடும். அதன்பின் கேன் தண்ணீருக்குக் காவல் இல்லை. கேனின் கழுத்தோ கை நுழையாத அளவு குறுகியது. பல முறை திரும்பி வந்த கேனின் உட்சுவர்க் கீறல்களில் நுண்ணுயிர்ப் படலம் ஒட்டிக்கொள்ளும். கடை வாசல் வெயிலில் நின்றால் பச்சைப் பாசியும் பிடிக்கும். தண்ணீரைச் சுத்திகரிப்பதில் காட்டிய அக்கறையில் பாதியையாவது கேனைக் கழுவுவதில் காட்டியிருக்க வேண்டும்.

அடைக்கப்பட்ட குடிநீருக்கு 2001 மார்ச்சில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானது. 250 மில்லிலிட்டரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது அதன் விதிகளில் ஒன்று. ஆனால் முத்திரை இல்லாத ஆலைகளும் போலி முத்திரையும் சந்தையில் தொடர்ந்தன. 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு கேன் தண்ணீர் விவகாரத்தைத் தானாக முன்வந்து விசாரித்தது. 2020-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் உரிமமின்றி நிலத்தடி நீர் எடுத்த ஆலைகளுக்குச் சீல் வைக்கப்பட்டது. இந்த இரண்டாவது நடவடிக்கை நிலத்தடி நீரைக் காக்க எழுந்தது; அதுவும் அவசியமே. ஆயினும் குடிப்பவரின் உடல்நலம் அதில் பின்னுக்குப் போனது.

2024 அக்டோபரில் ஐ.எஸ்.ஐ. கட்டாயம் நீக்கப்பட்டது. அடுத்த மாதமே உணவுப் பாதுகாப்பு ஆணையம் அடைக்கப்பட்ட குடிநீரை அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்து, உரிமத்துக்கு முன் ஆய்வையும் ஆண்டுதோறும் தணிக்கையையும் விதித்தது. இவை ஆலைக்குள் நடப்பவை. கேன் வெயிலில் நிற்கும் கடை வாசலும், கழுவாமல் கிடக்கும் வீட்டு டிஸ்பென்சரும் இந்தத் தணிக்கையில் அடங்கவில்லை.